நடை பதினெட்டு

அவளுடைய குறிப்பேட்டில் எல்லோரும் நடந்தார்கள்.

எட்டரைக்கு மேலாளர் வாசலிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தார். எட்டு ஐம்பதுக்குச் சுமை தூக்கும் இருவர் மூன்றாம் வரிசைக்கு நடந்தார்கள். ஒன்பதேகாலுக்கு அதே இருவர் திரும்பி நடந்தார்கள். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். காலால் போவதற்கு ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். வாக். மூன்று வருடமாக அது அவளைக் கைவிட்டதில்லை.

குடோன் முழுக்கக் கழுவு தொட்டிகள், குளியல் தொட்டிகள், கழிப்பறைப் பீங்கான்கள். எல்லாம் வெள்ளை. எல்லாம் கை தவறினால் போச்சு. அதனால் பன்னிரண்டு கேமரா. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, பன்னிரண்டு கட்டமாகப் பிரிந்த ஒரு திரை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அவள். அவளைவிட மூத்தவர்களும் அவளைக் கேமரா அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

படம் பதினைந்து நாள் இருக்கும். பதினாறாம் நாள் புதியது பழையதின் மேல் ஏறிவிடும். குறிப்பேடு மட்டும் மாதக் கடைசியில் வேறு ஊரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகும். வேலைக்கு எடுத்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார்:

"படம் அழிஞ்சுடும்மா. எழுத்து நிக்கும். பாத்து எழுதுங்க."

பார்த்துத்தான் எழுதினாள். மூன்றாம் வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் குறிப்பேட்டில் ஒரே நாளில் வாக் என்ற சொல் தொண்ணூற்று நான்கு முறை வருகிறது, ஒருவர் எங்கே போனார் என்பது போதாது, எப்படிப் போனார் என்பதும் வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்துக்கு மூன்று மதிப்பெண். கூடவே ஒரு தாள். அதில் வாக் என்பதற்குப் பதிலாகப் பதினெட்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சின்னக் கட்டம்.

மூன்று மதிப்பெண் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமாக இல்லை. அவள் இன்னும் தற்காலிகம். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, மறுபடி பதினோரு மாதம். அந்த ஒரு மாதம் போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக்கையோடு ஓடி வருவாள். கூப்பிடாமல் விட்டாலும் கேட்க நாதியில்லை. இந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவளைச் சேர்த்திருந்தார்கள். குறிப்பேட்டுக்கு எட்டு மதிப்பெண் வேண்டும் என்பது நிபந்தனை.

தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"பதினெட்டா? நமக்கு இதுல ஒண்ணும் கிடையாது. ஏறுறது, எறங்குறது. ரெண்டே ரெண்டு."

"வெளையாடாத. அர்த்தம் பாத்துச் சொல்லு."

அவன் போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினான். அர்த்தம் சொல்வதோடு நிற்கவில்லை. சமையலறைக் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தும் காட்டினான். ஸ்ட்ரோல் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போகும் இடத்தைப் பற்றிக் கவலையில்லாமல் உலாத்துவது. ஸ்ட்ரைட் என்றால் எட்டி எட்டிக் கால் வைப்பது. நான்கே எட்டில் ஜன்னல் வந்துவிட்டது. டிரட்ஜ் என்றால் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல ஒவ்வொரு காலையும் தூக்கி வைப்பது. டிப்டோவுக்கு விரல்நுனியில் பூனைபோல் போய், மாவு சலித்துக்கொண்டிருந்த தன் அம்மாவின் காதருகில் கத்தினான்.

"எருமை," என்றாள் மாமியார். "நான் கால இழுத்து இழுத்து நடக்கறேனே, அது இருக்கா அந்தத் தாள்ல?"

"இருக்கும்மா. ஷஃபிள்."

"பரவால்ல. நம்மளயும் கணக்குல எடுத்திருக்கான்."

பதினாறாவது, ஸ்டாகர். அதற்கு அவன் கண்ணைச் சொருகிக்கொண்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, சுவரில் ஒரு தோளும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தோளும் இடித்துத் தள்ளாடிக்கொண்டு போனான். மாமியார் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

சொல் வந்த பிறகுதான் கால் தெரிந்தது. மூன்று வருடமாக அவள் பார்த்தது ஆட்கள் ஒரு கட்டத்திலிருந்து மறைந்து இன்னொரு கட்டத்தில் முளைப்பதை. இப்போது நடையைப் பார்த்தாள். மேலாளர் வாசலில் எட்டி எட்டித்தான் வைப்பார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அதே ஆள் அரையடி அரையடியாக வைத்தார். கணக்காளர் செருப்பைத் தூக்குவதே இல்லை. சுமை தூக்கும் இருவரில் குட்டையானவன் பாரம் இருக்கும்போது நேராக நடந்தான், வெறுங்கையோடு வரும்போது சாய்ந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற கால்களும் திரும்புகிற கால்களும் ஒன்றில்லை. மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு இதை ஒரு நாளெல்லாம் பார்க்கலாம் என்றிருந்தது.

ஒரு சொல்லை எழுதினால் எதிரிலுள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும். மாதக் கடைசியில் தாளும் போகும். அந்த மாதம் பன்னிரண்டு டிக். மதிப்பெண் ஆறு. கூடவே ஒரு வரி: நல்ல முன்னேற்றம், மீதி ஆறு சொற்களும் வரட்டும்.

புது மாதம், புதுத் தாள். இந்த முறை அவள் முதல் தேதியிலிருந்தே சொல்லுக்கு ஆள் தேடினாள். பூனைநடைக்கு, தூங்குகிற காவலாளியைத் தாண்டிப் போன டீக்காரர் கிடைத்தார். நொண்டுவதற்கு, கட்டைவிரலில் கட்டையைப் போட்டுக்கொண்ட தச்சர். பதுங்கிப் போவதற்கு ஆள் இல்லாமல் கடைசியில் ஒரு பூனையையே எழுதினாள். பன்னிரண்டாம் தேதி எண்ணிப் பார்த்தபோது பதினேழு டிக் விழுந்திருந்தது. பதினாறாவது கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே யாரும் தள்ளாடவில்லை.

பதின்மூன்றாம் தேதி மதியம் இரண்டு நாற்பது. நான்காம் கேமரா.

அந்தக் கேமரா சோதனைத் தொட்டிகளைப் பார்க்கும். கழுவு தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்கும் இடம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அந்தப் பக்கமாக வந்தான். அவனைப் பாகன் என்பார்கள். அவனுடைய மஞ்சள் வண்டிக்கு முன்னால் இரும்பில் இரண்டு தந்தம் இருக்கும், அதனால். அவனுக்கு நாற்பது வயது. அவளைவிட இரண்டு குறைவு. வந்தவன் திறந்திருந்த ஒரு குழாயைக் கவனிக்காமல் அதன் அடியில் கால் வைத்துவிட்டான். வலது பூட்ஸ் நிறையத் தண்ணீர். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒரு கோப்பை தண்ணீர் கொட்டியது. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஈரக் காலுறையுமாக வண்டியை நோக்கிப் போனான். ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை. இரண்டு இடத்தில் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். ஒற்றை பூட்ஸ் நடைக்கு அதில் சொல் இல்லை. பதினாறாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நான்காம் கேமராவுக்குக் கீழே தள்ளாடியபடி வண்டிக்குப் போனார் என்று எழுதினாள். டிக் போட்டாள். பதினெட்டு.

அந்த மாதக் குறிப்பேடும் தாளும் முப்பதாம் தேதி போயின. நான்காம் தேதி கடிதம் வந்தது. இந்த முறை மேலாளருக்கு.

பணி நேரத்தில் தள்ளாடிய ஒருவர் எப்படி வண்டியில் ஏற அனுமதிக்கப்பட்டார். விசாரணை முடியும்வரை அவரிடமிருந்து சாவியை வாங்கவும். அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வருவார்.

மேலாளர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வந்தார்.

"பதின்மூணாம் தேதி படம் இருக்காம்மா?"

"இல்ல சார். இருபத்தெட்டோட போயிடுச்சு."

"நீங்க எழுதினது இருக்கு."

"ஆமா சார்."

"அப்படித்தான் போனானா?"

மின்விசிறி ஒரு முழுச் சுற்று தலையைத் திருப்பித் திரும்பியது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் உடனே தோன்றியது. பட்டியல் பதினைந்தாம் தேதி கையெழுத்தாகப் போகிறது.

"எழுதினத எழுதிட்டேன் சார்," என்றாள்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மேலாளர் சாவியை வாங்கித் தன் அறைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். பாகன் தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. குடோனில் பேச்சுக் கிளம்பிற்று. அவன் ஒரு காலத்தில் குடித்தவன். விழுந்து கிடந்தவன் என்றே சொல்லலாம். விட்டு ஆறு வருடம் ஆகிறது. விட்டதை மறந்திருந்தவர்கள் குடித்ததை உடனே நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்பவே நினைச்சேன் என்று நினைக்காதவர்களும் சொன்னார்கள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவன் முதல் கேமராவில் வாசலைத் தாண்டி வந்தான். கையெழுத்துப் போட்டான். திரும்பிப் போகாமல் உள்ளே வந்தான். இரண்டாம் கேமரா, ஐந்தாம் கேமரா. ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். டிரட்ஜ். அந்தச் சொல் இத்தனை கச்சிதமாக யாருக்கும் பொருந்தி அவள் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்தாள். மூடி வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, உள்ள வரலாமா?"

"வா."

"வந்தா அதையும் எழுதுவீங்களோ?"

அவள் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. பன்னிரண்டு கட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தான்.

"இங்கேந்து பாத்தா எல்லாரும் பூச்சி மாதிரி இருக்கோம்."

"பழகிடும்."

"எனக்கு வேலை போனா போகட்டும் அக்கா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எங்கயாவது ஒரு வண்டி இருக்கும். வீட்டுலதான் தாங்கல. நம்பறேன்னு சொல்றா. நான் குளிக்கப் போன ஒடனே கழட்டிப் போட்ட சட்டைய எடுத்து மோந்து பாக்குறா. கதவிடுக்குல பாத்துட்டேன். ஆறு வருஷம் அக்கா. நாள் கணக்கோட சொல்லுவேன். அன்னிக்கு நடந்தது வேற ஒண்ணும் இல்ல, பூட்ஸ்ல தண்ணி…"

"தெரியும்," என்றாள் அவள்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. திரையில் குட்டையானவன் வெறுங்கையோடு சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தான்.

"தெரியுமா?"

"பாத்தேன். கவுத்துக் கொட்டின. கைல புடிச்சுட்டுப் போன."

பாகன் இப்போது உட்கார்ந்தான். அட்டைப்பெட்டி நெளிந்தது.

"அப்பறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

அவள் சுவரைக் காட்டினாள். போன மாதத் தாள் போய்விட்டது. அதன் நகல் இருந்தது. அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. டிக்குகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"பதினெட்டு."

"எல்லாத்தையும் எழுதினாத்தான் மார்க்."

"இதுல நான் எது?"

பதினாறாவதைக் காட்டினாள்.

"வேற ஒரு நல்ல வார்த்தையா பாத்துக் குடுத்திருக்கலாமே அக்கா."

"அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அவன் சிரித்தான். மூக்கால் வந்த சிரிப்பு. சீக்கிரம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தன் பூட்ஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

அவள் மேசை விளிம்பைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை.

"உங்க பாடு எனக்குத் தெரியும்," என்றான். "நிரந்தரம் ஆகப்போறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அங்க சொல்ல முடியலன்னா விடுங்க. வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

எழுந்து போனான். ஐந்தாம் கேமரா, இரண்டாம் கேமரா, முதல் கேமரா. அவள் எதையும் எழுதவில்லை.

அன்று மாலை கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையிலிருந்த லிஃப்ட் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அவனே போதும்னு சொல்றான். வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடு. நானும் கூட வரேன்."

"போதுமா?"

அவன் துணியை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"அவன் பொண்டாட்டிக்குப் போதும்," என்றான்.

"எனக்கு?"

"அது நீ நடந்து காட்டினாத்தான் தெரியும்."

மாமியார் சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு இவன் ஆடிக் காமிச்சான், நாம சிரிச்சோம். அது என்ன வார்த்தைன்னு தெரிஞ்சுதானே எழுதின?"

"ஆமாம்மா."

"அப்ப சரி. தெரியாம எழுதலன்னு நீயே ஒத்துக்கற. சாப்பிடு."

படுத்த பிறகு அவள் மனசுக்குள் கணவன் குளிர்சாதனப் பெட்டியில் தோளை இடித்துக்கொண்டு போனான், திரும்ப வந்தான், மறுபடி போனான்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தாள். மேலாளர் அறையில் நான்கு நாற்காலி. அதிகாரி, மேலாளர், பாகன், அவள். மேசையில் குறிப்பேடு பதின்மூன்றாம் தேதியில் திறந்திருந்தது. ஆணியில் வண்டிச் சாவி தொங்கியது.

அதிகாரி பாகனிடம் கேட்டாள். அவன் பூட்ஸில் தண்ணீர் புகுந்ததைச் சொன்னான்.

"யாராவது பாத்தாங்களா?"

"சோதனை பண்றவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார் மேடம்."

"அப்ப உங்க பேச்சு ஒரு பக்கம். இந்த எழுத்து ஒரு பக்கம்."

பாகன் தரையைப் பார்த்தான். அவள் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதுதான் அவளை எழுப்பிவிட்டது.

"நான் பாத்தேன் மேடம்," என்றாள்.

"பாத்ததுதான் இங்க இருக்கே."

"பாத்தது அது இல்ல."

மேலாளர் நாற்காலியில் முன்னால் வந்தார். அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

"என்ன பாத்தீங்க?"

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தமிழிலும் அதற்குச் சொல் இல்லை. குனிந்து வலது காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். அது தட்டையான செருப்பு. போதாது. பாகனைப் பார்த்தாள்.

"பூட்ஸ கழட்டிக் குடு."

"எதுக்கு அக்கா?"

"குடு."

அவன் இடது பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டாள். இரண்டு கால் நுழையும் அளவுக்குப் பெரியது, சூடாக இருந்தது. வலது காலில் ஒன்றுமில்லை. வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கதவிலிருந்து ஜன்னலுக்குப் போனாள். ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை. வெறுங்காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்தாள். அலமாரியை ஒரு முறை பிடித்துக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தை ஒரு முறை. இரண்டு இடத்திலும் அவன் அப்படித்தான் பிடித்தான். திரும்பி வந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. மேலாளருக்குச் சிரிப்பு வந்தது, இருமினார்.

"இப்படித்தான் போனார் மேடம். அதுக்கு முன்னாடி பூட்ஸ கவுத்தார். ஒரு டம்ளர் தண்ணி கொட்டிச்சு. நேரா வண்டிக்குப் போனார். ஏறினதும் பூட்ஸ மறுபடி போட்டுக்கிட்டார். அப்பறம்தான் வண்டி நகந்துச்சு."

"இதையே எழுதியிருக்கலாமே?"

"பதினெட்டுல இது இல்ல."

அதிகாரி திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"பதினேழு டிக் போட்டிருந்தேன். இது ஒண்ணுக்கு ஆள் கெடைக்கல. இது என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினேன் மேடம். மேலாளர் கேட்டப்பயும் சொல்லல. அவர்மேல தப்பு இல்ல, இவர்மேலயும் இல்ல."

அதிகாரி குறிப்பேட்டின் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். பூனை பதுங்கிப் போன இடத்தில் நிறுத்தி, ஒரு தடவை படித்தாள்.

"ஒம்போது குடோன் நோட்டு என்கிட்ட வருது," என்றாள். "எல்லாத்துலயும் எல்லாரும் நடக்கறாங்க. வாக், வாக், வாக். படிச்சுப் படிச்சுக் கண்ணு பூத்துப்போச்சு. அதுக்காகத்தான் அந்தத் தாள அடிச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கட்டம் போட்டது நான்தான்."

பிறகு குறிப்பேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அடிக்கக் கூடாது. விதி தெரியும்ல? கீழ திருத்தம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் ஒற்றை பூட்ஸோடு நின்றுகொண்டே எழுதினாள். ஆங்கிலத்தில்தான். சின்னச் சின்ன வாக்கியங்கள். அவருடைய பூட்ஸில் தண்ணீர் இருந்தது. அதைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நடந்தார். நடந்தார் என்பதற்கு வாக் என்றே எழுதினாள். மொத்தம் நான்கு வரி. அதிகாரி படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

"இது புரியுது," என்றாள்.

மேலாளர் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். பாகன் வாங்கிக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, பூட்ஸ்."

அவளுடைய பெயர் அந்த வருடப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அதிகாரி அதை ஒளிக்காமல் அவளிடமே சொன்னாள். பொய்க் குறிப்பு என்று கோப்பில் ஒரு வரி இருக்கும், அடுத்த வருடம் பார்க்கலாம். அவளுடைய பதினோரு மாதமும் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக்கையோடு ஓடி வந்தாள். லிஃப்ட் நின்றுபோனவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

அந்த இடைவெளியில் ஒரு நாள் பாகன் வீட்டுக்குப் போனாள். அவன் வண்டியில் இருந்த நேரம். அவன் மனைவி தையல் இயந்திரத்தில் பாதித் தலையணை உறையோடு உட்கார்ந்திருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள்.

"சரி," என்றாள் முடிவில். "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்துவிட்டு வந்தாள்.

முப்பத்தோராம் நாள் மேலாளர் கூப்பிட்டார். மறுபடி மாடிப்படிக்கு அடியில். சுவரில் தாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு பசைக் கறை. தலைமை அலுவலகம் ஒன்பது குடோனிலிருந்தும் அதைத் திருப்பி வாங்கிவிட்டதாம். சொற்கள் அவள் தலையில் இருந்தன. அவற்றை யாரும் திருப்பி வாங்கவில்லை. மேலாளர் எட்டி வைத்தால் ஸ்ட்ரைட் என்று எழுதினாள். நாளெல்லாம் யாரும் அப்படி வைக்கவில்லை என்றால் யாருக்கும் எழுதவில்லை. சில நாள் குறிப்பேட்டில் எல்லோரும் வெறுமனே நடந்தார்கள்.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் பாகன் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்த்தான்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். வீட்டுல எப்படி இருக்காங்க? இப்பவும் மோந்து பாக்குறாங்களா?"

"பாக்குறா." அவன் கதவுச்சட்டத்தில் சாய்ந்தான். "ஆனா இப்பல்லாம் என் எதிர்லயே பாக்குறா. பாத்துட்டு, வேர்வை நாத்தம், தோய்க்கப் போடுங்கறா."

"அது முன்னேற்றம்."

"எழுதிடாதீங்க."

போய்விட்டான். அவள் திரையைப் பார்த்தாள். ஐந்தாம் கேமரா. மூன்றாம் கேமரா. இரண்டு நாற்பதுக்கு நான்காம் கேமராவுக்கு வந்தான். குழாய்க்கு அடியில் பார்த்துக் கால் வைத்தான். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு வேலை இருந்தது.

அவள் பேனாவைத் திறந்தாள். இரண்டு நாற்பது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நான்காம் கேமராவுக்குக் கீழே வண்டிக்கு நடந்தார் என்று எழுதினாள். வாக். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தாள்.

இரண்டு காலிலும் பூட்ஸ்.